புதிய பிராசஸரில் ஜாவா ஓட எதையெல்லாம் எழுத வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: உங்கள் குழு சொந்தக் கட்டளைத் தொகுதியோடு ஒரு 64 பிட் பிராசஸரை வடிவமைத்துக்கொண்டிருக்கிறது. ஜிசிசி (சி, சி++ கம்பைலர்) அதற்கு இயந்திரக் கோடு (code) தருகிறது, லினக்ஸ் எமுலேட்டரில் பூட் ஆகிறது. இனி ஜாவா கம்பைலரும் ரன்டைமும் வர வேண்டும். கம்பைலரிலிருந்து தொடங்கலாமா, எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு காலம் ஆகும்? உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, ஜாவாவின் எந்தெந்தப் பகுதி பிராசஸரைத் தொடுகிறது, அவற்றை எந்த வரிசையில் எழுதினால் ஒவ்வொரு கட்டத்திலும் ஓடுகிற ஒன்று கையில் இருக்கும் என்பதுதான் என்று புரிந்துகொண்டு பதில் எழுதுகிறேன். பல வருடங்களாக ஹாட்ஸ்பாட் என்ற ஜாவா ரன்டைமின் பிராசஸர் சார்ந்த பகுதிகளில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எக்லிப்ஸ் ஓப்பன்ஜே9 என்ற இன்னொரு நல்ல ரன்டைமும் உண்டு. அதன் கம்பைலர் அமைப்பு வேறு, நான் அதில் வேலை செய்ததில்லை, ஆகவே இங்கே சொல்வதெல்லாம் ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓப்பன்ஜேடிகேயின் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஜாவாசி என்ற ஜாவா கம்பைலரை நீங்கள் தொடவே வேண்டாம். அது ஜாவாவிலேயே எழுதப்பட்டது, அது தருவது பைட்கோடு, பைட்கோடுக்கு எந்தப் பிராசஸரும் தெரியாது. உங்கள் இயந்திரத்தில் ஜேவிஎம் (பைட்கோடை இயக்கும் ஜாவா ரன்டைம்) ஓடத் தொடங்கிய நாளே ஜாவாசியும் ஓடும். ஒரு காலத்தில் ஜிசிசிக்குள்ளேயே ஜாவாவை நேராக இயந்திரக் கோடாக்கும் ஜிசிஜே இருந்தது. அந்த வழியில் போனால் ஜிசிசியின் பின்பகுதியே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். ஆனால் ஜிசிசி 7-இல் அதை நீக்கிவிட்டார்கள், அந்த வழி இன்று இல்லை. இன்று எழுத வேண்டிய கம்பைலர் ஹாட்ஸ்பாட்டின் உள்ளே, நிரல் ஓடும்போதே கோடு ஆக்கும் சி1, சி2 என்ற இரண்டும்தான். அவற்றுக்கும் முன்னால் எழுத வேண்டியவை இருக்கின்றன.

ஹாட்ஸ்பாட்டின் மூலக்கோடு நான்கு அடைவுகளாகப் பிரிந்திருக்கும். எல்லோருக்கும் பொதுவானது ஒன்று, இயங்குதளத்துக்கு உரியது ஒன்று, பிராசஸருக்கு உரியது ஒன்று, இரண்டும் சேரும் இடத்துக்கு உரியது ஒன்று. லினக்ஸ் ஏற்கெனவே இருப்பதால் இயங்குதள அடைவில் உங்களுக்கு வேலை அநேகமாக இல்லை. பிராசஸர் அடைவு முழுக்க உங்களுடையது. நான்காவது அடைவு அளவில் சிறியது, ஆனால் சிக்னல் வரும்போது ரெஜிஸ்டர்களைப் படிப்பது, நடுவில் யாரும் குறுக்கிட முடியாத அட்டாமிக் செயல்கள், படிப்பு-எழுத்து வரிசையைக் காக்கும் மெமரி பேரியர்கள் எல்லாம் அதில்தான் இருப்பதால் முக்கியமானது. வெற்றுக் கோப்பிலிருந்து யாரும் தொடங்குவதில்லை. இருக்கிற ஒரு போர்ட்டை (வேறொரு பிராசஸருக்காக எழுதிய பகுதியை) பிரதி எடுத்து, ஒவ்வொரு செயலின் உடலையும் காலியாக்கி, "இன்னும் எழுதவில்லை" என்று நின்றுபோகும்படி வைத்துவிட்டு, ஓடவிட்டு, நிற்கும் இடத்தை நிரப்பிக்கொண்டே போவார்கள். பிரதி எடுக்க எக்ஸ்86-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீளம் மாறும் கட்டளைகள், கண்டிப்பான மெமரி வரிசை என்று அதன் பழக்கங்கள் உங்களைத் தப்பான பக்கம் இழுக்கும். உங்கள் பிராசஸரில் ஒப்பீட்டுக் கொடிகள் (ஒப்பீட்டின் விடையைத் தாங்கும் பிட்கள்) இருந்தால் ஆர்ம் 64 போர்ட், இல்லாவிட்டால் ரிஸ்க்-ஃபைவ் போர்ட் நல்ல மாதிரி. ரிஸ்க்-ஃபைவ் போர்ட்டின் கோப்பு அமைப்பும் ரெஜிஸ்டர் பெயர்களும் ஆர்ம் 64 போர்ட்டையே பெரிதும் ஒத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்த வேலைக்கு இருக்கும் மிகச் சிறந்த பாடம்.

ஆனாலும் முதல் படி இதுவும் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் ஜீரோ என்று ஒரு வகை உண்டு. அதில் அசெம்பிளி இல்லை, பைட்கோடை ஒவ்வொன்றாகப் படித்து இயக்கும் இன்டர்பிரிட்டர் முழுக்க சி++-இல் இருக்கிறது, சி செயல்களை அழைக்க லிப்எஃப்எஃப்ஐ நூலகத்தைப் பயன்படுத்துகிறது. உங்கள் சி++ கம்பைலர் சரியாக இருந்து, லிப்எஃப்எஃப்ஐக்கு உங்கள் அழைப்பு மரபைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், சில வாரங்களில் ஜாவா ஓடும். இதற்கு கிராஸ் பில்ட் போதும். பில்ட் நடக்கும்போது ஜாவாசியை ஓட்டுவது உங்கள் எக்ஸ்86 இயந்திரத்தில் இருக்கும் ஜேடிகே, உங்கள் பிராசஸருக்குப் போவது சி, சி++ பகுதிகள் மட்டும். ஜீரோ மெதுவானது, சி2 தரும் வேகத்துக்குப் பல மடங்கு பின்தங்கும். அதனாலேயே பல குழுக்கள் இதைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கின்றன. அப்படிச் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஜேவிஎம் என்பது த்ரெட், சிக்னல், எம்மேப் (மெமரி கேட்பது), ஃபியூடெக்ஸ் (த்ரெட்களைக் காக்கவைப்பது) எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாட்டி எடுக்கும் நிரல். புதிய பிராசஸரில் ஜிசிசியிலும் கெர்னலிலும் ஜிலிப்சி என்ற சி நூலகத்திலும் பிழைகள் மிச்சம் இருக்கும், அவற்றை ஜீரோ வெளியே கொண்டுவரும். ஜீரோ ஒரு வாரம் தொடர்ந்து சோதனைகளை ஓட்டிக் கிராஷ் ஆகாமல் நின்றால், பிற்பாடு வரும் கிராஷுக்குக் காரணம் நீங்கள் எழுதிய கோடாகத்தான் இருக்கும் என்று துணிந்து தேடலாம். அந்த நிச்சயம் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால், ஒவ்வொரு பிழைக்கும் நான்கு இடத்தைச் சந்தேகப்பட வேண்டிவரும்.

அடுத்தது டெம்ப்ளேட் இன்டர்பிரிட்டர். இதில் ஒவ்வொரு பைட்கோடுக்கும் ஒரு சிறிய இயந்திரக் கோடுத் துண்டு, ஜேவிஎம் தொடங்கும்போதே மெமரியில் எழுதப்படுகிறது. இரண்டு இன்ட்களைக் கூட்டும் பைட்கோடை எடுத்துக்கொள்வோம். ஸ்டாக்கின் மேல் மதிப்பு ஏற்கெனவே ஒரு ரெஜிஸ்டரில் இருக்கும் என்பது இன்டர்பிரிட்டரின் ஏற்பாடு. ஆகவே அடுத்த மதிப்பை மட்டும் ஸ்டாக்கிலிருந்து எடுத்து, கூட்டி, விடையை அதே ரெஜிஸ்டரில் விட்டால் போதும். பிறகு பைட்கோடு பாய்ன்டரை ஒன்று நகர்த்தி, அங்கிருக்கும் பைட்டைப் படித்து, தாவல் அட்டவணையில் அதற்குரிய முகவரியை எடுத்து, தாவ வேண்டும். மொத்தம் ஏழெட்டுக் கட்டளைகள். இந்த விவரணையில் மூன்று ரெஜிஸ்டர்கள் எப்போதும் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்: பைட்கோடு பாய்ன்டர், தாவல் அட்டவணை, ஸ்டாக்கின் நுனி. இவற்றோடு லோக்கல் மாறிகளின் அடி, நடப்பு த்ரெட், ஹீப்பின் அடி ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்று வேண்டும். சி அழைப்புகளைத் தாண்டியும் மதிப்பைக் காப்பாற்றும் ரெஜிஸ்டர்களில் இவற்றை வைத்தால், ஒவ்வொரு முறையும் சேமித்து மீட்கும் செலவு மிச்சம். ரிஸ்க்-ஃபைவிலும் ஆர்ம் 64-இலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இந்த ஒதுக்கீட்டை முதல் வாரத்திலேயே தாளில் எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு கோடு எழுதுங்கள். இதை நடுவில் மாற்றுவது மிகுந்த வலி தரும்.

ஸ்டாக்கின் நுனி என்று தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆர்ம் 64-இல் ஸ்டாக் பாய்ன்டரை வைத்து மெமரியைத் தொடும்போது அது 16 பைட் எல்லையில் இருந்தாக வேண்டும். ஜாவாவின் ஸ்டாக்கோ 8 பைட் 8 பைட்டாக நகர்கிறது. அதனால் அந்த போர்ட்டில் ஜாவா ஸ்டாக்குக்குத் தனி ரெஜிஸ்டர் வைத்தார்கள், ரிஸ்க்-ஃபைவும் அதைப் பின்பற்றியது. உங்கள் அழைப்பு மரபில் இப்படி ஒரு விதி இருந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள். பைட் வரிசையிலும் கவனம் வேண்டும். கிளாஸ் கோப்பில் இரண்டு பைட் எண்கள் பெரிய முனை முன்னால் வரும்படி எழுதப்பட்டிருக்கும். ஆனால் கிளாஸை இணைக்கும்போது (லிங்க்) ஹாட்ஸ்பாட் சில பைட்கோடுகளின் குறியெண்களைப் பிராசஸரின் சொந்த வரிசைக்கு மாற்றி எழுதிவிடும். தாவல் தூரங்கள் மட்டும் பழைய வரிசையிலேயே இருக்கும். எதை எப்படிப் படிப்பது என்று ஒவ்வொரு பைட்கோடுக்கும் பார்த்துத்தான் எழுத வேண்டும். போதாததற்கு இந்த எண்கள் ஒற்றைப்படை முகவரியில்கூட இருக்கலாம். எல்லை தவறிய படிப்பை உங்கள் வன்பொருள் ட்ராப் செய்து மென்பொருளில் சமாளிக்கிறது என்றால் இன்டர்பிரிட்டர் நத்தையாகிவிடும். பைட் பைட்டாகப் படித்து ஒட்டுவதே அங்கே வேகமானது.

ஹலோ வேர்ல்டு அச்சாவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான கிளாஸ்கள் ஏற்றப்படுகின்றன. எங்கோ ஒரு பைட்கோடு தப்பான விடை தந்தால், விளைவு வெகு தூரத்தில், சம்பந்தமில்லாத இடத்தில் தெரியும். இதற்கு நான் நம்பும் ஒரு முறை உண்டு. டீபக் பில்டில் ஒவ்வொரு பைட்கோடையும் அச்சிடும் தேர்வு இருக்கிறது. அதே நிரலை எக்ஸ்86-இலும் உங்கள் பிராசஸரிலும் ஓட்டி, இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு, முதன்முதலில் பாதை பிரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். குற்றவாளி அதற்குச் சற்று முன்னால்தான் இருக்கும். எத்தனையாவது பைட்கோடில் நிற்க வேண்டும் என்று எண் கொடுத்து நிறுத்தவும் வழி உண்டு. ஒரே த்ரெட் ஓடும் ஆரம்ப கட்டத்தில் இது கச்சிதமாக வேலை செய்யும். த்ரெட்கள் பெருகிய பிறகு ஒப்பீடு கலைந்துவிடும்.

கணக்கு விதிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஜாவா சி-யைப் போல விட்டுக்கொடுப்பதில்லை. எண்ணல்லாத ஒரு ஃப்ளோட்டை, அதாவது NaN என்பதை, இன்டாக மாற்றினால் விடை 0 என்று ஜாவா சொல்கிறது. எல்லை மீறிய மதிப்பானால் அந்தப் பக்கத்தின் மிகப் பெரிய அல்லது மிகச் சிறிய இன்ட். ஆர்ம் 64-இன் மாற்றும் கட்டளை இதையே தருகிறது, கூடுதல் வேலை இல்லை. எக்ஸ்86-இன் கட்டளை எல்லாத் தவறான நேரத்திலும் மிகச் சிறிய எதிர்ம இன்டைத் தரும், அதைப் பார்த்துத் திருத்த வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் எல்லை மீறலைச் சரியாகக் கையாண்டு, NaN-க்கு மட்டும் மிகப் பெரிய இன்டைத் தரும். வகுத்தலும் இப்படித்தான். பூஜ்யத்தால் வகுத்தால் எக்ஸ்86 ட்ராப் ஆகும், அதை ஜேவிஎம் பிடித்து எக்ஸெப்ஷனாக்குகிறது. ஆர்ம் 64 சத்தமில்லாமல் 0 தரும், ரிஸ்க்-ஃபைவ் எல்லா பிட்டும் 1 ஆன விடையைத் தரும். இரண்டிலும் வகுப்பதற்கு முன் சோதனைக் கட்டளை எழுதியாக வேண்டும். மிகச் சிறிய எதிர்ம இன்டை -1-ஆல் வகுத்தால் ஜாவாவில் விடை அதே எண், ஆனால் எக்ஸ்86-இல் அது ட்ராப், ஆகவே அங்கே தனிப் பாதை இருக்கும். உங்கள் பிராசஸரின் கையேட்டை எடுத்துவைத்து இப்படி ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: ஜாவா கேட்பது என்ன, வன்பொருள் தருவது என்ன.

ஜாவாவிலிருந்து சி-க்குப் போகும் இடத்திலும் இதே மாதிரி ஒரு நுணுக்கம். 32 பிட் எண் 64 பிட் ரெஜிஸ்டரில் இருக்கும்போது மேல் பாதியில் என்ன இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மரபும் ஒன்று சொல்லும். ரிஸ்க்-ஃபைவில் குறி பிட்டால் நிரப்பப்பட்டிருக்க வேண்டும், அழைக்கப்படும் சி செயல் அதை நம்பித்தான் ஒப்பிடும். ஆர்ம் 64-இல் மேல் பாதிக்கு உத்தரவாதம் இல்லை, சி செயல் அதை நம்பாது. ஒரு போர்ட்டில் நாங்கள் தேடிய பிழை இந்த வகை: நேட்டிவ் செயலுக்குப் போன ஒரு எதிர்ம எண் மேல் பாதி பூஜ்யமாகப் போனதால் பெரிய நேர்ம எண்ணாகத் தெரிந்து, "பூஜ்யத்தைவிடச் சிறியதா" என்ற சோதனையைத் தாண்டி, அப்புறம் வெகுநேரம் கழித்து வேறொரு இடத்தில் மெமரியைக் கெடுத்தது. சோதனைகளில் எதிர்ம மதிப்புகள் அரிதாக வருவதால் இவை ஒளிந்திருக்கும். பூலியன், பைட், ஷார்ட் திரும்பி வரும் இடங்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

சிக்னல் பக்கம் சுருக்கமாக. நல் பாய்ன்டரா என்று ஜேவிஎம் பெரும்பாலும் சோதிப்பதில்லை. படித்துப் பார்க்கும், செக்மென்ட் பிழை வந்தால் சிக்னல் கையாளுநர் அது எந்தக் கட்டளையில் வந்தது என்று அட்டவணையில் தேடி எக்ஸெப்ஷனாக்கும். ஸ்டாக் நிரம்பிவிடுவதையும் காவல் பக்கங்களைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஆகவே கெர்னல் உங்களுக்குச் சரியான கட்டளை முகவரியையும் சரியான தவறு முகவரியையும் தந்தாக வேண்டும். புதிய கெர்னல் போர்ட்டில் இரண்டாவதில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம், ஒரு பத்து வரி சி நிரலால் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

இனி கம்பைலர்கள். சி1 எளியது, விரைவாகக் கோடு தரும், முதலில் அதை எழுதுங்கள். இன்டர்பிரிட்டருக்காக எழுதிய அசெம்பிளர் அப்படியே உதவும். புதிதாக வருவது, எந்த ரெஜிஸ்டரில் ஆப்ஜெக்ட் பாய்ன்டர் இருக்கிறது என்று ஜிசிக்கு (பயன்படாத ஆப்ஜெக்ட்களின் மெமரியை மீட்கும் பகுதிக்கு) சொல்லும் வரைபடங்களும், கம்பைல் ஆன கோடிலிருந்து இன்டர்பிரிட்டருக்குத் திரும்பும் டிஆப்டிமைசேஷனும். சி2-க்கு உங்கள் பிராசஸரை விவரிக்கும் ஒரு பெரிய கோப்பு எழுத வேண்டும். சி2 நிரலை மாற்றி வைத்திருக்கும் வரைபடத்தின் எந்த முனைக்கு எந்தக் கட்டளை, எவ்வளவு செலவு என்று ஒவ்வொரு விதியாக அதில் இருக்கும். பில்டின்போது ஏடிஎல்சி என்ற கருவி அதைப் படித்து சி++ கோடாக்குகிறது. விதிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம், அடிப்படை விதிகளோடு தொடங்கலாம், சிறப்பு விதிகள் வேகத்துக்குத்தான். கொடிகள் இல்லாத பிராசஸரானால் ஒப்பீட்டையும் கிளையையும் சேர்த்தே ஒரு விதியாக எழுத வேண்டும். சி1-இன் பொதுக் கோடும் முன்பு கொடிகள் இருப்பதாகவே நினைத்து எழுதப்பட்டிருந்தது. ரிஸ்க்-ஃபைவ் போர்ட் வந்தபோது அதை மாற்றினார்கள், அந்த உழைப்பின் பலன் உங்களுக்கும் கிடைக்கிறது.

தாவல் தூரம் எல்லாக் கட்டத்திலும் தொந்தரவு தரும். கம்பைல் ஆன கோடு சேரும் இடத்துக்கு ஹாட்ஸ்பாட் வழக்கமாக 240 எம்பி ஒதுக்குகிறது. ஆர்ம் 64-இன் அழைப்புக் கட்டளை இரண்டு பக்கமும் 128 எம்பி எட்டும். ரிஸ்க்-ஃபைவில் ஒரே கட்டளையால் தாவினால் 1 எம்பிதான், நிபந்தனைக் கிளை வெறும் 4 கேபி. எட்டாத இடத்துக்கு முகவரியைப் பல கட்டளைகளால் கட்டியெழுப்ப வேண்டும். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருக்கும் கோடிலேயே அழைப்பின் இலக்கை மாற்றி எழுதும். ஐந்தாறு கட்டளைகளில் பரவிக் கிடக்கும் முகவரியைத் திருத்தும்போது, இன்னொரு த்ரெட் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடினால் எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. நம்பகமான வழி, மாறக்கூடிய முகவரியைக் கட்டளைகளில் வைக்காமல் பக்கத்தில் 8 பைட் எல்லையில் தரவாக வைத்து, அதைப் படித்துத் தாவுவது. ஒரே அட்டாமிக் எழுத்தில் மாற்றிவிடலாம்.

கட்டளை கேச்சும் இதோடு சேர்ந்தது. எக்ஸ்86-இல் எழுதிய கோடு தானாகக் கட்டளை கேச்சுக்குத் தெரியும். ஆர்ம் 64-இல் கேச் வரிகளைச் சுத்தம் செய்து, செல்லாததாக்கி, பிறகு பேரியர் போட வேண்டும். ரிஸ்க்-ஃபைவின் ஃபென்ஸ்-ஐ கட்டளை அதை இயக்கிய கோருக்கு மட்டுமே செல்லும், மற்ற கோர்களுக்கு லினக்ஸின் தனி சிஸ்டம் கால் வழியாகச் சொல்ல வேண்டும். ஒரு த்ரெட் கோடு எழுதி, கெர்னல் அதை வேறு கோருக்கு நகர்த்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நினைத்த நேரத்துக்குக் கிராஷ் ஆகி, திரும்ப ஓட்டினால் ஆகாத பிழைகள் இங்கிருந்துதான் வரும்.

எல்லாவற்றிலும் அதிக நாள் தின்பது மெமரி மாடல், அதாவது ஒரு கோரின் மெமரிப் படிப்பும் எழுத்தும் மற்ற கோர்களுக்கு எந்த வரிசையில் தெரியலாம் என்ற விதிகள். எக்ஸ்86 எழுத்துகளின் வரிசையையும் படிப்புகளின் வரிசையையும் காப்பாற்றும், எழுதிய பிறகு வரும் படிப்பு மட்டுமே முந்தக்கூடும். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், பவர் ஆகியவை கிட்டத்தட்ட எதையும் மாற்றலாம். ஒரு த்ரெட் புதிய ஆப்ஜெக்டை உருவாக்கி, தலைப்பையும் கிளாஸ் பாய்ன்டரையும் எழுதி, பிறகு அதன் முகவரியை ஒரு ஃபீல்டில் வைக்கிறது. நடுவில் இரண்டு எழுத்துகளின் வரிசையைக் காக்கும் பேரியர் இல்லாவிட்டால், இன்னொரு கோர் முகவரியை முதலில் பார்த்து, கிளாஸ் பாய்ன்டர் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தைப் படிக்கும். அடுத்த நொடி கிராஷ், பெரும்பாலும் ஜிசிக்குள். எக்ஸ்86-இல் அந்தப் பேரியருக்குக் கட்டளையே தேவையில்லை என்பதால், அதை எழுத மறந்தவர் யாராக இருந்தாலும் அங்கே எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது. 2004-இல் ஜாவா 5-உடன் வந்த ஜேஎஸ்ஆர் 133 மெமரி மாடலை ஒருவராவது முழுதாகப் படித்து, வாலடைல் படிப்பு, எழுத்து, ஃபைனல் ஃபீல்டு, மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பிராசஸரில் எந்தப் பேரியர் என்று எழுதிவைக்க வேண்டும். இன்டர்பிரிட்டர், சி1, சி2, சி++ கோடு நான்கும் ஒரே மரபைக் கடைப்பிடிக்க வேண்டும். ஒன்று பேரியரை எழுத்துக்கு முன்னும் மற்றொன்று பின்னும் வைத்தால், தனித்தனியே சரி, சேர்ந்தால் தவறு.

இங்கே ஓர் எச்சரிக்கை: எக்ஸ்86 இயந்திரத்தில் க்யூஎமு என்ற எமுலேட்டரில் ஓட்டி "எல்லாச் சோதனையும் பாஸ்" என்று நம்பாதீர்கள். உங்கள் படிப்பும் எழுத்தும் அங்கே எக்ஸ்86-இன் படிப்பும் எழுத்துமாகவே நடக்கின்றன, வரிசை மாறுவதற்கான வாய்ப்பே பெரிதும் இல்லை. கட்டளை கேச் மறதியையும் எமுலேட்டர் மன்னித்துவிடும். எமுலேட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரெட் ஹாட் குழு ஆர்ம் 64 போர்ட்டை வன்பொருள் கைக்கு வருவதற்கு முன்பே தொடங்கியது. ஜேவிஎம்மின் சி++ பகுதியை எக்ஸ்86-இலேயே ஓடவிட்டு, ஜேவிஎம் ஆக்கிய ஆர்ம் கோடை மட்டும் ஒரு சிமுலேட்டரில் ஓட்டினார்கள். சி++ பக்கம் டீபகர் வழக்கம்போல வேலை செய்யும் என்பதால் இது அருமையான ஏற்பாடு. ஆனால் பல கோர் உள்ள நிஜ சிலிக்கானில், த்ரெட்களுக்கிடையே மெமரி வரிசையைச் சோதிக்கும் ஜேசிஸ்ட்ரெஸ் சோதனைகள் நாள்கணக்கில் ஓடாதவரை, மெமரி வரிசை பற்றி எதையும் நிச்சயம் என்று சொல்ல முடியாது. எஃப்பிஜிஏயில் (உங்கள் வடிவமைப்பை ஏற்றிப் பார்க்கும் சிப்பில்) இரண்டு கோர் கிடைத்தாலும் ஓட்டுங்கள், ஆனால் வரிசை தவறாமல் இயக்கும் எளிய கோர்களில் வராத பிழை, வரிசை மாற்றி இயக்கும் கோர்களில் வரும்.

சோதனையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். இன்டர்பிரிட்டர் மட்டும், சி1 மட்டும், சி2 மட்டும், எல்லாவற்றையும் உடனே கம்பைல் செய் என்று ஹாட்ஸ்பாட்டுக்குத் தனித்தனியே சொல்லலாம். ஜேடிரெக் என்ற சோதனைக் கருவி ஓட்டும் சோதனைகளின் முதல் அடுக்கு ஒவ்வொரு முறையிலும் பாஸ் ஆக வேண்டும். ஜிசிகளில் சீரியலோடு தொடங்குங்கள், பிறகு ஜி1. இசட்ஜிசி, ஷெனண்டோவா இரண்டும் பிறகு வரட்டும், அவற்றின் பேரியர்கள் ஒவ்வொரு பாய்ன்டர் படிப்பிலும் நுழைபவை. வர்ச்சுவல் த்ரெட்களுக்கும் வெளிச் செயல் அழைப்புக்கும் பிராசஸர் சார்ந்த தனிக் கோடு தேவை. வர்ச்சுவல் த்ரெட் ஜேடிகே 19-இல் முன்னோட்டமாக வந்தபோது எக்ஸ்86 64, ஆர்ம் 64 இரண்டுக்குத்தான் அந்தக் கோடு இருந்தது, மற்றவை பின்னால் சேர்ந்தன. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற கணக்கில் ஓப்பன்ஜேடிகே நகர்ந்துகொண்டே இருப்பதால், முடித்துவிட்டுப் போகிற வேலையாக இதைத் திட்டமிடாதீர்கள். ஜாவா இணக்கமானது என்று சொல்லிக்கொள்ள ஜேசிகே சோதனைத் தொகுதியை முழுதாகப் பாஸ் செய்ய வேண்டும், அதற்கு உரிமம் வாங்கும் நடைமுறை தனி, அதை முன்கூட்டியே தொடங்குங்கள்.

ஆட்களும் காலமும் பற்றி நான் சொல்வது அனுபவக் கணிப்பு மட்டுமே. அசெம்பிளியும் ஜேவிஎம்மும் தெரிந்த நான்கைந்து பேர் இருந்தால், ஜீரோ சில வாரம், இன்டர்பிரிட்டரும் சி1-உம் அரை வருடம், சி2 ஓரளவு நிற்க ஒரு வருடம், வாடிக்கையாளருக்குத் துணிந்து கொடுக்க இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்வேன். ஜேவிஎம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது. இதை ஓப்பன்ஜேடிகேயின் மையக் கோடுக்குள் சேர்ப்பது என்றால் ஜெப் என்ற முன்மொழிவு எழுதி, ஆய்வுக்கு வைத்து, பிறகு பராமரிக்கவும் வேண்டும். ஆர்ம் 64 ஜெப் 237 வழியாக ஜேடிகே 9-இலும், ரிஸ்க்-ஃபைவ் ஜெப் 422 வழியாக 2022 செப்டம்பரில் வந்த ஜேடிகே 19-இலும் அப்படிச் சேர்ந்தன. பராமரிப்பு நின்றால் வெளியே போகவும் நேரும், ஸ்பார்க் போர்ட் ஜேடிகே 15-இல் ஜெப் 381 வழியாக நீக்கப்பட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பிராசஸர் இன்னும் வடிவமைப்பில் இருக்கிறது, பெரும்பாலான போர்ட் குழுக்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. வன்பொருள் குழுவோடு இப்போதே உட்கார்ந்து சிலவற்றைக் கேளுங்கள். ஒரு முகவரியைப் படித்து, அந்த முகவரி வழியாக மீண்டும் படிக்கும்போது வரிசை காக்கப்படுமா? டெக் ஆல்ஃபாவில் காக்கப்படவில்லை. ஆர்ம், பவர், ரிஸ்க்-ஃபைவ் மூன்றும் காக்கின்றன, ஜேவிஎம் அதை நம்பியே படிக்கும் பக்கம் பேரியர் போடாமல் விடுகிறது. உங்கள் வடிவமைப்பு ஆல்ஃபா வழியில் போனால் போர்ட்டின் செலவே வேறாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கோடில் எந்தக் கட்டளையை எதுவாக மாற்றினால் மற்ற கோர்கள் பழையதையோ புதியதையோ மட்டுமே பார்க்கும் என்பதை ஆர்ம் கையேடு பட்டியலிட்டுச் சொல்கிறது, உங்கள் கையேட்டிலும் அந்தப் பத்தி எழுதப்பட வேண்டும். ஒப்பிட்டு மாற்றும் அட்டாமிக் கட்டளை தனியாக உண்டா, அல்லது முன்பதிவு வைத்துப் படித்து எழுதும் ஜோடிதானா? ஜோடி என்றால் நடுவில் எத்தனை கட்டளைவரை முன்னேற்றம் உறுதி என்று எழுத்தில் வாங்குங்கள். ரிஸ்க்-ஃபைவில் அந்த ஜோடியும் திரும்ப முயலும் கோடும் சேர்ந்தே 16 கட்டளைகள், நடுவில் வேறு மெமரி படிப்போ எழுத்தோ கூடாது. ஒரு பைட்டை மட்டும் அட்டாமிக்காக மாற்ற முடியுமா? ஒரு கோரிலிருந்து எல்லாக் கோர்களின் கட்டளை கேச்சையும் செல்லாததாக்க ஒரு கட்டளை உண்டா? எல்லை தவறிய படிப்பு வன்பொருளிலேயே நடக்குமா? பதில்களைக் கையேட்டின் வரைவில் அவர்களே எழுதட்டும், நீங்கள் அதைப் பார்த்து அசெம்பிளரைத் தொடங்குங்கள்.